டாப்ஸ்லிப்பில் பலர் தவறவிடும் இடம்

பொள்ளாச்சி வழியாக டாப்ஸ்லிப் போகிறவர்கள் யானையையும் மானையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஹியூகோ வுட் கல்லறையையும் கேட்டுப் போய்ப் பாருங்கள். ஆங்கிலேயர் காலத்து வன அதிகாரி, 1933-இல் இறந்தவர். பை நிறையத் தேக்கு விதையோடு நடப்பாராம், கைத்தடியால் மண்ணைக் குத்திக் குத்தி விதை போட்டபடியே! கல்லறையில் லத்தீனில் ஒரு வரி: நினைவுச்சின்னம் வேண்டுமென்றால் சுற்றிலும் பாருங்கள். நிமிர்ந்தால் எதிரே தேக்கு மரங்கள்.

காலையிலேயே கிளம்புங்கள், பொழுது சாய்ந்தால் வண்டியை மேலே விடமாட்டார்கள். சேத்துமடை சோதனைச்சாவடியைத் தாண்டணும், அதனால் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், ஸ்டீல் பாட்டில் போதும். மழைக்காலமா? அட்டை ஏறும். உப்பைத் துணியில் முடிந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒற்றினால் உதிர்ந்துவிடும். அப்புறம், வனத்துறை ஆளைக் கேட்காமல் காட்டுக்குள் இறங்காதீர்கள்.