அலுமினியமா, எம்.எஸ். குழாயா: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பைக்கையோ பவர் டில்லரையோ டெம்போவில் ஏற்ற ஒரு சாய்வுப் பலகை வேண்டும், இரும்பில் (எம்.எஸ்., அதாவது மைல்டு ஸ்டீல்) அடித்தால் அதைத் தூக்கவே ரெண்டு ஆள் தேவைப்படுகிறது, அலுமினியத்தில் அடித்தால் தாங்குமா? கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது. தாங்கும். ஆனால் அதே அளவுக் குழாயை அலுமினியத்தில் மாற்றி வாங்கினால் போதும் என்று நினைத்து பட்டறைக்குப் போகாதீர்கள்.

1. எந்த அலுமினியம் என்று கேளுங்கள்

பாலக்காட்டிலோ கோவையிலோ கடையில் சும்மா 'அலுமினியம் குழாய்' என்று கேட்டால் பெரும்பாலும் ஜன்னல் செக்‌ஷனுக்கு வரும் 6063 (இது அலுமினியக் கலவையின் எண்) தான் கைக்கு வரும். பாரம் தாங்க 6061 நல்லது. பழைய கடைக்காரர்களிடம் எச்.இ.20 என்றால் புரியும். எண்ணுக்குப் பின்னால் டி6 என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். டி6 என்றால் சூடாக்கி, தண்ணீரில் குளிரவைத்து, பிறகு 160-175 டிகிரியில் பல மணி நேரம் வைத்துக் கெட்டிப்படுத்தியது. டி.சி. தாளை (டெஸ்ட் சர்டிபிகேட்) கேட்டு வாங்குங்கள், வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம்.

2. மூன்று எண்களை எழுதுங்கள்

6061-டி6: அடர்த்தி 2.7, யங் குணகம் (தொய்யாமல் நிற்கும் விறைப்பு) 69 கிகா பாஸ்கல், ஈல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) 276 மெகா பாஸ்கல்.
சாதாரண எம்.எஸ். (இந்தியத் தர எண் ஐ.எஸ். 2062, கிரேடு இ250): அடர்த்தி 7.85, யங் குணகம் சுமார் 200, ஈல்டு 250.

ஆப் எதுவும் வேண்டாம். போன் கால்குலேட்டரும் ஒரு துண்டுத் தாளும் போதும், காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் இந்த வேலைக்கு வீண்.

3. தொய்வு: இங்கேதான் நிற்க வேண்டும்

ஈல்டைப் பார்த்தால் அலுமினியம் இரும்பைவிட ஒரு படி மேலேயே இருக்கிறதே, அப்புறம் என்ன பிரச்சினை என்று தோன்றும். ஈல்டு சொல்வது நிரந்தரமாக வளையுமா என்பதை மட்டும். பாரம் ஏறும்போது எவ்வளவு தொய்யும் என்பதை யங் குணகம்தான் சொல்லும், அதில் அலுமினியம் மூன்றில் ஒரு பங்கு. இன்னொன்று, விலை கூடிய கிரேடு வாங்கினாலும் இந்த 69 பெரிதாக நகராது. 6063 ஆனாலும் 7075 ஆனாலும் 70-ஐ ஒட்டியேதான் நிற்கும்.

50×50×3 மில்லிமீட்டர் சதுரக் குழாய், தாங்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே 2 மீட்டர், மத்தியில் 100 கிலோ என்று கணக்குப் போடுங்கள். எந்த உலோகமானாலும் குழாய்க்குள் வரும் தகைவு (உலோகத்தின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் விசை) ஒன்றுதான், சுமார் 59 மெகா பாஸ்கல். இரும்பு 4 மில்லிமீட்டர் தொய்யும், அலுமினியம் 11. உடையாது, ஆனால் டயர் ஏறும்போது பலகை துள்ளும், வண்டியைப் பிடித்திருப்பவருக்கு வயிறு கலங்கும்.

இதற்கு மருந்து கிரேடில் இல்லை, அளவில் இருக்கிறது. சுவர்க் கனத்தை அதே 3-ஆக வைத்துக்கொண்டு 75×75 அலுமினியம் எடுங்கள்: தொய்வு 3 மில்லிமீட்டர் சொச்சம், இரும்பைவிடக் குறைவு. மீட்டருக்கு எடை 2.3 கிலோ, 50 இரும்புக் குழாயோ 4.4. சாய்வுப் பலகைக்கு நான் அலுமினியத்தைப் பரிந்துரைப்பது இதனால்தான். ஒரே இடத்தில் நிற்கிற ஸ்டாண்டு, ரேக் மாதிரி வேலைக்கு எம்.எஸ். போதும், காசை மிச்சம் பிடியுங்கள்.

கணக்கில் சந்தேகமா? குழாயை இரண்டு ஹாலோ பிளாக் மேல் வையுங்கள். அடிப்பக்கம் முனைக்கு முனை தையல் நூலை இறுக்கிக் கட்டி, நடுவில் தெரிந்த எடையைத் தொங்கவிடுங்கள். குழாய் நூலைத் தள்ளிக்கொண்டு இறங்கும் என்பதால், ரெண்டு முனையிலும் குழாய்க்கும் நூலுக்கும் நடுவில் ஒரே கனத்தில் கட்டை கொடுத்து இடைவெளி வைத்துவிடுங்கள். எடை ஏற்றும் முன்னும் பின்னும் நடு இடைவெளியை ஸ்கேலில் அளந்தால், குறைந்த அளவுதான் தொய்வு.

4. வெல்டிங்

டி6-ஐ வெல்டு வைத்தால் அந்த இடத்திலும், இருபுறமும் ஏறக்குறைய ஒரு அங்குலம் வரைக்கும் கெட்டித்தன்மை போய்விடும். ஈல்டு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எம்.எஸ்.-க்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே குறுக்குச் சட்டங்களைப் பலகையின் நடுவில் வெல்டு வைக்காமல், பாரம் குறைவாக வரும் முனைகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். நடுவில் கட்டாயம் சட்டம் வேண்டுமென்றால் போல்ட்தான் போடுங்கள், துளையை மட்டும் குழாயின் மேல்-கீழ் முகங்களில் போடாமல் பக்கச் சுவரின் மத்தியில் போடுங்கள்.

பிற்சேர்க்கை: போல்ட் போட்ட இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இரும்பு போல்ட்டும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். மழையில் கிடக்கும் பலகையானால் போல்ட்டின் தலைக்கும் நட்டுக்கும் கீழே நைலான் வாஷர், தண்டைச் சுற்றி ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போட்டுவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.