கிராமத்து எஃப்எம்பி மேப் டேட்டாவ மத்த துறைகளுக்கு ஒழுங்கா கொடுக்குறது எப்படி

ஒரே நிலத்துக்கு சர்வே டிபார்ட்மென்ட்ல எஃப்எம்பின்னு (ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் அளவோட வரைஞ்ச புலப்படம்) ஒரு மேப், நகராட்சியில சொத்து வரிக்குன்னு ஒரு மேப், ரோட்டுக்கு நிலம் எடுக்குற ஆபீஸ்ல தனியா வரைஞ்ச இன்னொரு மேப்னு இருக்கு. மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, அதுக்காக தாலுகா ஆபீசுக்கும் அந்த ஆபீசுக்கும் அலையிறது நிலத்துக்காரங்கதான். டேட்டா கொடுக்குற இடத்துலயே கொஞ்சம் கவனமா இருந்தா இதுல பாதிய தவிர்க்கலாம்.

முதல்ல கீ, அதாவது ஒவ்வொரு நிலத்தையும் தனியா அடையாளம் காட்டுற நம்பர்கள். கோடு அழகா இருக்கான்னு எல்லாரும் பாக்குறாங்க, ஆனா மத்த துறை அவங்க லிஸ்ட்டோட சேக்கப்போறது கீய வச்சுதான். மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு, அஞ்சுக்கும் தனித்தனி காலம் (பட்டியல்ல ஒரு நெடுவரிசை) போடுங்க. வருவாய் கிராமமும் ஊராட்சியும் ஒண்ணு இல்ல, எல்லை வேற, அதனால ஊராட்சி குறியீட்டு எண் வேணும்னா அதுக்கு இன்னொரு காலம். 2019ல தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டுன்னு புது மாவட்டம் வந்துச்சு, 2020ல மயிலாடுதுறை, அந்தப் பக்கத்து கிராமம்னா பழைய குறியீட்டு எண்ணும் சேத்துக் கொடுங்க, ஏன்னா வாங்குறவங்க ஃபைல்ல இன்னும் பழைய மாவட்டம்தான் இருக்கும். டவுன் ஏரியான்னா வார்டு, பிளாக், டி.எஸ். (டவுன் சர்வே) நம்பர்னு கீயே வேற, அங்க பழைய சர்வே நம்பருக்கு எந்த டி.எஸ். நம்பர்னு ஒரு ஒப்பீட்டு லிஸ்ட் இல்லாம மேப்ப மட்டும் கொடுத்தா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. நிலத்தோட மூலைகளோட அட்சரேகை தீர்க்கரேகைய வச்சு உருவாக்குற 14 இலக்க நில அடையாள எண் உங்க கிராமத்துக்கு வந்திருந்தா அதையும் போடுங்க, ஆனா சர்வே நம்பருக்கு பதிலா இல்ல, கூடவே.

இப்ப எக்செல். இதுலதான் சத்தமில்லாம டேட்டா கெடுது. சிஎஸ்வி (கமா போட்டு பிரிச்ச டெக்ஸ்ட்) ஃபைல டபுள் கிளிக் பண்ணி தொறந்தா 12/3ங்கிற உட்பிரிவு 12 மார்ச்னு தேதியா மாறிடும், 145/2 அப்படியே நிக்கும், அதனால மேலோட்டமா பாத்தா எல்லாம் சரியா இருக்குற மாதிரியே தெரியும். கிராமக் குறியீட்டு எண் 034 வெறும் 34 ஆயிடும். சேவ் பண்ணிட்டா திரும்ப வராது. அதனால இம்போர்ட் வழியா போய் அந்த காலத்த டெக்ஸ்ட்னு சொல்லி தொறங்க, இல்லன்னா எக்செல் பக்கமே போகாம கியூஜிஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்லயே பாத்துக்குங்க. பரப்புலயும் இதே கதைதான், 0.40.50ன்னா ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்), சதுர மீட்டர், அதாவது 4050 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அத அப்படியே ஒரு காலத்துல வச்சுட்டு பக்கத்துல சதுர மீட்டர்ல இன்னொண்ணு போடுங்க.

அடுத்து மேப் எந்த அளவு முறையில இருக்குங்கிறது. நம்ம மாநிலத்துல 78 டிகிரி தீர்க்கரேகை நடுவுல ஓடுது, அதுக்கு மேற்க கோயம்புத்தூர், திருநெல்வேலி எல்லாம் யூடிஎம் (பூமிய பட்டைகளா பிரிச்சு மீட்டர்ல அளக்குற முறை) 43வது ஜோன், கிழக்க திருச்சி, சென்னை 44. மதுரை மாவட்டம் ரெண்டுலயும் கெடக்கு, உசிலம்பட்டி 43, மதுரை டவுன் 44. ஜோன் தப்பா போட்டா நிலம் எங்கயோ போய் நிக்கும். அதனால பரிமாறுறதுக்கு டபிள்யூஜிஎஸ் 84 (ஜிபிஎஸ் பயன்படுத்துற முறை) அட்சரேகை தீர்க்கரேகையில கொடுங்க, பரப்பு கணக்கு மட்டும் அந்தந்த ஜோன்ல போட்டுக்குங்க. ஃபைல் வடிவத்துல ஷேப்ஃபைல் வேணாம், காலம் பேர பத்து எழுத்துல வெட்டிடும், ஜியோபேக்கேஜ் ஒரே ஃபைல், தமிழ் எழுத்தும் உடையாது.

பக்கத்து பக்கத்து எஃப்எம்பிய ஒட்டுறப்ப நடுவுல சந்து விழும், இல்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். தயவுசெஞ்சு சாட்டிலைட் படத்துல தெரியுற வரப்புக்கு ஏத்த மாதிரி கோட்ட இழுக்காதீங்க! வரப்பு நகரும், அளவு எஃப்எம்பியில இருக்குறதுதான். சந்து இருந்தா இருக்கட்டும், அந்த நிலத்துக்கு நேரா ஒரு காலத்துல "கல் வச்சு டிஜிபிஎஸ்ல அளந்தது" (டிஜிபிஎஸ்னா துல்லியமான ஜிபிஎஸ் கருவி) இல்ல "எஃப்எம்பிய ஒட்டினது மட்டும்"னு எழுதுங்க. பைப் லைன் திட்டம் போடுறவருக்கு ரெண்டாவது போதும், நிலம் எடுக்குறவருக்கு முதல் வகைதான் வேணும், அத அவரே பாத்து முடிவு பண்ணிப்பாரு. மேப்ல வர்ற பரப்பும் அ பதிவேட்டுல (கிராமத்து நிலங்களோட மூலப் பதிவேடு) இருக்குற பரப்பும் வேற வேறன்னா ரெண்டையும் காட்டுங்க, பதிவேட்ட மேப்ப வச்சு திருத்துற அதிகாரம் உங்ககிட்ட இல்ல.

பட்டாதாரர் பேரு, அப்பா பேரு, போன் நம்பர் எதையும் மேப் ஃபைல்ல போடாதீங்க. பேரு தேவைப்படுற துறை தமிழ்நிலம்ங்கிற அரசு நிலப் பதிவு சாஃப்ட்வேர்ல அனுமதி வாங்கி அந்த கீய வச்சு அன்னைக்கு இருக்குறத எடுத்துக்கட்டும். பென்டிரைவ்ல போன பேரு கிரயம் ஆனப்புறமும் மாறாது, பழைய ஓனருக்கே நோட்டீஸ் போய்க்கிட்டு இருக்கும்.

கடைசியா தேதி. ஃபைல் பேர்லயே எந்த தேதி வரைக்குமான உட்பிரிவு சேந்திருக்குன்னு போடுங்க. அதுக்கப்புறம் மாசாமாசம் முழு மேப்ப அனுப்பத் தேவையில்ல, பழைய நம்பர், புது நம்பர், உத்தரவு தேதி, மாறின நிலத்தோட எல்லைக் கோடு, இவ்வளவு போதும். வாங்குற துறையில யாராவது தப்பு கண்டுபிடிச்சா அவங்களே திருத்தக் கூடாது, கீயோட எழுதி சர்வே பிரிவுக்கு அனுப்பணும், அங்க திருத்தினது அடுத்த மாச ஃபைல்ல எல்லாருக்கும் போகணும்னு கொடுக்குற கடிதத்துலயே எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிடுங்க.