தலைவாசலுக்கு நிலைமாலை கோப்பது எப்படி?

பண்டிகை நாள்களில் கடைத்தெருவில் விற்கும் நிலைமாலை பெரும்பாலும் ஒரே நீளத்தில் கட்டப்பட்டிருக்கும்; நம் வீட்டு நிலையோ அதைவிட அகலமாகவோ குறுகலாகவோ இருக்கும். வாசலின் அளவறிந்து நாமே கோத்த மாலை அங்கேயே பிறந்ததுபோல் பொருந்தி நிற்கும் என்பதால், ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குவது முற்றிலும் தகும்.

முதலில் நிலையின் வெளி அகலத்தை அளந்துகொள்ள வேண்டும். அது 3½ அடி என்றால் குறுக்கு மாலைக்கு 3¾ அடி போதும். கூடுதலாக விடும் அந்தக் கால் அடியே நடுவில் ஏறக்குறைய அரை அடித் தொய்வைத் தந்துவிடும்; அழகாக வளையட்டும் என்று ஒரு அடி கூட்டினால் மாலை வருவோரின் தலையில் இடிக்கும். இரு பக்கமும் தொங்கும் சரங்கள் 2 அடிக்கு மேல் வேண்டாம். மூன்றையும் தனித்தனி நூலில் கோப்பது நல்லது. ஒன்று அறுந்தாலும் மற்றவை நிற்கும்.

இதற்குச் செண்டுமல்லியே சிறந்த பூ. மல்லிகையும் முல்லையும் வெயில் படும் வாசலில் ஒரு பகல்கூடத் தாங்குவதில்லை. செண்டுமல்லி 2, 3 நாள் நிறம் மாறாமல் இருக்கும். ஒரு அடிக்கு 10 முதல் 12 பூ வரை பிடிக்குமாதலால், மேற்சொன்ன அளவுக்கு 1 கிலோ வாங்கினால் அடிபட்டவற்றைக் கழித்த பிறகும் போதுமானதாக இருக்கும். நடுப்பகுதி இறுகி, அடிக்காம்பு பச்சையாக உள்ள பூக்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயுதபூசையை ஒட்டி விலை ஏறிவிடும் என்பதால் ஒரு நாள் முன்பே வாங்கி, கூடையில் பரப்பி, பூவின்மேல் நீர் தெளிக்காமல் ஈரத்துணியால் மூடி நிழலில் வைக்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஈரப் பூவைக் கோக்கவே கூடாது. செண்டுமல்லியின் அடுக்கிதழ்களுக்குள் தங்கும் நீர் வெளியே தெரியாமல் உள்ளிருந்து அழுக வைக்கும். மறுநாள் இதழ்கள் பழுப்பேறி உதிர்வதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். ஆகவே பனியில் பறித்த பூவாயின், துணியில் கவிழ்த்துப் பரப்பி ஒரு மணி நேரம் காற்றாட விட்ட பின்னரே ஊசியை எடுக்க வேண்டும்.

பருத்தி நூலை இரட்டையாக எடுத்து, மெழுகுவத்தியில் ஒருமுறை இழுத்தால் நூல் தடையின்றி ஓடும். நுனியில் ஈர்க்குத் துண்டு ஒன்றைக் குறுக்கே கட்டிவிட்டால் பூக்கள் நழுவுவதில்லை. ஊசியைப் பூவின் நடுவில் செலுத்தி, அடியிலுள்ள பச்சைப் பகுதியின் வழியே வெளியே எடுக்க வேண்டும். இதழை மட்டும் குத்திய பூ தொங்கும்போது கிழிந்து விழும். 8 பூவுக்கு ஒன்றாகக் கோழிக்கொண்டையைச் சேர்த்தால் மஞ்சளுக்கு நடுவே செம்மை எடுப்பாகத் தெரியும். இடையிடையே மரிக்கொழுந்து வைத்தால் வாசலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் மணக்கும். பூக்களை நெருக்கி அழுத்தாமல், ஒன்றையொன்று தொடும் அளவில் விட்டால் காற்று புகுந்து மாலை நீடிக்கும். அரளி சேர்ப்போர் அது நச்சுச் செடி என்பதை நினைவில் கொண்டு, கோத்த பின் கையை நன்றாகக் கழுவ வேண்டும். குழந்தைகளின் கைக்கு எட்டும் சரத்தில் அதைத் தவிர்ப்பதே நலம்.

மாலைக்கு மேலே மாவிலைத் தோரணம் தனிச் சணல் கயிற்றில் வர வேண்டும். தளிர் இலை சில மணி நேரத்தில் சுருண்டுவிடும் என்பதால், முற்றிய கரும்பச்சை இலைகளையே எடுத்து, காம்புப் பக்கத்தைக் கயிற்றின்மேல் மடித்து ஈர்க்கினால் குத்த வேண்டும். 3 அங்குல இடைவெளிக்கு 15 இலை போதும்.

கதவு உள்நோக்கித் திறந்தாலும், மாலையை நிலையின் உட்புறத்தில் கட்டாமல் வெளி மூலைகளிலுள்ள ஆணிகளில் கட்டினால் கதவிடுக்கில் நசுங்காது. பூ வாடியதும் அதை மட்டும் கழற்றிவிட்டு மாவிலையைச் சில நாள் விட்டுவைக்கலாம். வாடிய பூவை நூல் நீக்கிச் செடிகளுக்கு உரமாக்கலாம். அரளி கலந்திருந்தால் ஆடு மாடு மேயும் இடத்தில் கொட்டக் கூடாது.