ஹெச்எஸ்ஏவில் அதிகம் போட்டுவிட்டதாக டாக்ஸ் சாஃப்ட்வேர் சொல்கிறதா? சரிசெய்வது இப்படித்தான்

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் வரித் தாக்கல் செய்ய உட்கார்ந்து, கம்பெனி வருடக் கடைசியில் தரும் சம்பளப் படிவமான டபிள்யூ-2இன் விவரங்களை ஏற்றியதும் ரீஃபண்ட் திடீரென்று குறையும். கூடவே, ‘ஹெச்எஸ்ஏவில் வரம்பை மீறிப் பணம் போட்டிருக்கிறீர்கள், 6 சதவீத வரி கட்ட வேண்டும்’ என்று ஒரு அறிவிப்பு. ஹெச்எஸ்ஏ என்பது மருத்துவச் செலவுக்காக வரிச் சலுகையோடு பணம் சேர்க்கும் கணக்கு; வருடத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்று அதற்கு வரம்பு உண்டு. பதறிப்போய்ப் பணத்தை வெளியே எடுத்துவிடாதீர்கள். சம்பளத்தில் பிடித்தம் செய்து மட்டும் ஹெச்எஸ்ஏவில் போடுபவர்களுக்கு, கணக்கில் இருக்கும் பணம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சாஃப்ட்வேரில் நாம் கொடுத்த பதில்தான் இடிக்கும்.

முதலில் டபிள்யூ-2, டிசம்பர் மாதக் கடைசிச் சம்பளச் சீட்டு, ஹெச்எஸ்ஏ கணக்கின் ஸ்டேட்மென்ட் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் பணம் எடுத்திருந்தால், எடுத்ததைக் காட்டும் 1099-எஸ்ஏ படிவமும் வேண்டும். போட்டதைக் காட்டும் 5498-எஸ்ஏ படிவம் மே மாதம்கூட வரலாம். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

படி 1: ஹெச்எஸ்ஏ பகுதியை முடியுங்கள்

டபிள்யூ-2வில் இருக்கும் தொகை சாஃப்ட்வேருக்கு உடனே தெரிந்துவிடும். ஹெச்எஸ்ஏவில் பணம் போடத் தேவையான ஹை டிடக்டிபிள் இன்ஷூரன்ஸ் (செலவில் முதலில் ஒரு பெரிய தொகையை நாமே கட்டும் மருத்துவக் காப்பீடு) உங்களிடம் இருந்ததா என்பது, ஹெச்எஸ்ஏ கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொன்ன பிறகுதான் தெரியும். அதுவரை சில சாஃப்ட்வேர்கள் உங்கள் வரம்பைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, போட்ட பணம் மொத்தத்தையும் அதிகப்படி என்று காட்டும். கழிவுகள் பக்கத்துக்குப் போய் ஹெச்எஸ்ஏ கேள்விகளைக் கடைசிவரை முடியுங்கள். பலருக்கு அறிவிப்பு இங்கேயே மறைந்துவிடும்.

படி 2: ஒரே பணத்தை இரண்டு முறை போட்டீர்களா?

வழக்கமாகச் சிக்குவது இங்கேதான். டபிள்யூ-2வில் பாக்ஸ் 12ஐப் பாருங்கள். ‘டபிள்யூ’ என்ற குறியீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொகை இருக்கும். கம்பெனி கொடுத்த பணமும், வரிக்கு முன்பாக உங்கள் சம்பளத்தில் பிடித்த பணமும் சேர்ந்ததுதான் அது. வரித்துறையின் பார்வையில் இரண்டுமே கம்பெனி போட்ட பணம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2025இல் உங்கள் சம்பளத்தில் 3,000 டாலர் பிடித்தார்கள், கம்பெனி 800 போட்டது. பாக்ஸ் 12இல் 3,800 இருக்கும். அடுத்து சாஃப்ட்வேர், ‘நீங்களாக எவ்வளவு போட்டீர்கள்?’ என்று கேட்கும். ‘என் சம்பளப் பணம்தானே’ என்று 3,000 போட்டால் மொத்தம் 6,800 ஆகிவிடும். தனிநபர் வரம்பு 4,300. ஆக 2,500 டாலர் அதிகம், 150 டாலர் வரி என்று சாஃப்ட்வேர் சொல்லும். நீங்கள் போட வேண்டிய பதில் பூஜ்யம். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக ஹெச்எஸ்ஏவுக்கு அனுப்பிய பணத்தை மட்டும்தான் அந்தக் கட்டத்தில் போட வேண்டும்.

படி 3: எந்த பிளான், எத்தனை மாதம்?

2025க்குக் குடும்ப பிளானின் வரம்பு 8,550 டாலர். 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் கூடுதலாக 1,000 போடலாம். குடும்ப பிளானில் இருந்துகொண்டு தனிநபர் என்று குறித்திருந்தால் வரம்பு பாதியாகிவிடும். மாதக் கணக்கை ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி நிலவரப்படி பார்க்க வேண்டும். ஜூன் மாதத்தோடு வேலையும் பிளானும் போய்விட்டால், தனிநபருக்கு வரம்பு 2,150தான். இடையில் சேர்ந்தவர், டிசம்பர் 1 அன்று தகுதியோடு இருந்தால் முழு வரம்பையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த வருடம் டிசம்பர் முடியும்வரை தகுதியை விடக்கூடாது.

கணவன், மனைவி இருவரும் வேலை பார்த்தால் யாருடைய டபிள்யூ-2 யார் பெயரில் ஏறியிருக்கிறது என்றும் ஒரு முறை பாருங்கள். ‘போன வருடம் அதிகம் போட்டீர்களா?’ என்ற கேள்விக்கு, போன வருடக் கணக்கில் அதிகப்படிப் பணத்துக்கான படிவம் 5329 வழியாக மிச்சம் காட்டியிருந்தால் மட்டும் ஆமாம் சொல்லுங்கள்.

படி 4: படிவம் 8889ஐத் திறந்து பாருங்கள்

கேள்விப் பக்கங்களை நம்பி உட்காராமல், ஹெச்எஸ்ஏ கணக்கைக் காட்டும் இந்தப் படிவத்தையே பார்ப்பது நல்லது. 2ஆம் வரிசையில் நீங்கள் நேரடியாகப் போட்டது, 3ஆம் வரிசையில் வரம்பு, 9ஆம் வரிசையில் பாக்ஸ் 12 தொகை இருக்க வேண்டும். 13ஆம் வரிசையில் கழிவு பூஜ்யம் என்று இருந்தால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சம்பளத்தில் பிடித்த பணம், டபிள்யூ-2வில் வரிக்கு உட்பட்ட சம்பளத்தைக் காட்டும் பாக்ஸ் 1க்கு வரும் முன்பே கழிக்கப்பட்டுவிட்டது.

படி 5: நிஜமாகவே அதிகம் போட்டிருந்தால்

வருடத்தின் நடுவில் வேலை மாறி, இரண்டு கம்பெனிகளிலும் முழு அளவுக்குப் பிடிக்க விட்டவர்களுக்கு இது நடக்கும். ஹெச்எஸ்ஏ வைத்திருக்கும் நிறுவனத்திடம் ‘அதிகப்படியாகப் போட்டதைத் திரும்ப எடுக்க வேண்டும்’ என்று சொல்லி, அதற்கென்று இருக்கும் படிவத்தைக் கேளுங்கள். சும்மா பணம் எடுப்பதுபோல எடுத்தால் மருத்துவம் அல்லாத செலவாகக் கணக்காகி, 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வருமான வரியோடு 20 சதவீதமும் சேரும். அதிகத் தொகையையும் அது ஈட்டிய லாபத்தையும் தாக்கல் கெடு, அதாவது 2025 கணக்குக்கு 2026 ஏப்ரல் 15, தாண்டுவதற்குள் எடுத்துவிட்டால் 6 சதவீத வரி கிடையாது. கெடுவுக்குள் தாக்கல் செய்துவிட்டு எடுக்க மறந்தவர்களுக்கு அக்டோபர் 15 வரை வழியுண்டு; திருத்திய கணக்கு போட வேண்டியிருக்கும். எடுத்த தொகை, ஏற்கெனவே வரி கட்டாத பணமென்றால், வருமானத்தில் சேரும். எடுக்காமலே விட்டால் அந்த 6 சதவீதம் ஒவ்வொரு வருடமும் வரும். அடுத்த வருடம் குறைவாகப் போட்டு ஈடுகட்டினால் நிற்கும்.

கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். இந்த இரண்டு மாநிலங்களும் ஹெச்எஸ்ஏ சலுகையை ஏற்பதில்லை. அதனால் டபிள்யூ-2வில் மாநிலச் சம்பளம், பாக்ஸ் 1ஐ விடப் பெரிதாக இருக்கலாம். அது பிழை இல்லை, திருத்தப் போகாதீர்கள்.