ஓசூரில் சேர்ந்து வாழும் தன்பாலீர்ப்புத் துணைகள் கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்

அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை பக்கமிருந்து ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்து, ஒரே வீட்டில் துணையாக வாழ்கிற இரண்டு பெண்களுக்காக, இரண்டு ஆண்களுக்காக இதை எழுதுகிறேன். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. ஆனால் அந்த வழக்கில் ஒப்புக்கொண்டபடி மத்திய அரசு அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு அமைத்தது, 2024-இல் சில உத்தரவுகளும் வந்தன. போதாதுதான், இருந்தாலும் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மற்றவர் நடுத்தெருவில் நிற்காமலிருக்க இவை உதவும்.

முதலில் வங்கி. பால்புதுமையர் (LGBTQ+ சமூகத்தினர்) கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் எந்தத் தடையும் இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்று சொல்லிவிட்டது. இருவரும் ஆதார், பான் கார்டு, போட்டோவோடு கிளைக்குப் போங்கள், ஒருவர் இறந்தால் மற்றவர் பணம் எடுக்கிற மாதிரி 'எய்தர் ஆர் சர்வைவர்' முறையைக் கேளுங்கள். உறவு என்ன என்ற இடத்தில் 'நண்பர்' என்று எழுதினால் போதும், கவுன்ட்டரில் நின்று யாருக்கும் உங்கள் வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. தனித்தனிக் கணக்கு இருந்தால், சம்பளக் கணக்கு உட்பட ஒவ்வொன்றிலும் நாமினி போட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கான எண் 14448.

இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ வாரிசு என்று உரிமை கேட்டு வந்தால் நாமினிப் படிவம் மட்டும் காப்பாற்றாது. அதனால் உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், சொத்து பெறுகிற துணை சாட்சியாக இருக்கக் கூடாது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள் என்பேன்.

ரேஷன் கார்டில் துணைகளை ஒரே குடும்பமாகக் கருதச் சொல்லி மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. வட்ட வழங்கல் அலுவலர் ஏற்கவில்லையென்றால் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். ஆனால் அப்பா பெயரிலுள்ள கார்டிலிருந்து உங்கள் பெயரை எடுத்தால்தான் புதுக் கார்டு, அப்போது வீட்டுக்குத் தெரிந்துவிடும். அதற்குத் தயாரில்லை என்றால் இதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அவசரமில்லை.

அப்புறம் போலீஸ். வீட்டார் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தால் பயப்பட வேண்டாம். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று தெளிவாகச் சொன்னார்: விரும்பி வந்த வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும். 2022-இல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதியையே சேர்த்தது, இந்தச் சமூகத்தினரையும் அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று. இந்த இரண்டையும் போனில் சேமித்து வையுங்கள், வயதுச் சான்றின் நகலை நம்பிக்கையான ஒரு தோழியிடமோ தோழரிடமோ கொடுத்து வையுங்கள். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள், போவதற்கு முன் 15100-க்கு அழைத்து மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வக்கீலைக் கேளுங்கள், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இது இலவசம்.