டெல்லியை மெட்ரோவில் சுற்றிப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

டெல்லிக்கு டூர் போகிறவர்கள் மெட்ரோவை நம்பிப் போவதில் தப்பே இல்லை. 2025 ஆகஸ்டில் கட்டணத்தை ஏற்றிய பிறகும் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் தவிர மற்ற லைன்களில் குறைந்தது 11 ரூபாய், அதிகபட்சம் 64 ரூபாய்தான். அந்தக் காசுக்கு ஏசியில் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடலாம். சொதப்பல் பெரும்பாலும் ரயில் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மெட்ரோ மேப்பை விரித்து வைத்துக்கொண்டு, ஸ்டேஷன் பெயர்களை மட்டும் பார்த்து ஒரு நாளைக்கு ஆறு இடம் என்று எழுதிவிடுகிறோம்.

குதுப் மினாரையே எடுத்துக்கொள்ளுங்கள். யெல்லோ லைனில் அந்தப் பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. இறங்கி வெளியே வந்தால் மினாரைக் காணோம். அகலமான சாலையும் ஆட்டோக்காரர்களும்தான் இருப்பார்கள். மினார் ஏறக்குறைய 2 கி.மீ. தள்ளி இருக்கிறது. இந்தியா கேட்டும் அப்படித்தான். சென்ட்ரல் செக்ரடேரியட்டில் இறங்கி கர்தவ்ய பாதை வழியே நடந்தால் 2 கி.மீ.க்கு மேல் வரும். டிசம்பர் மாலையில் அது அருமையான நடை. மே மாத மதியத்தில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு நடந்தால், மிச்ச நாள் முழுக்கத் திட்டு வாங்க வேண்டியதுதான். ஹுமாயூன் கல்லறைக்கு ஜே.எல்.என். ஸ்டேடியம் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களுக்கும் கடைசியில் ஓர் ஆட்டோ தேவைப்படும். இந்தக் கடைசி 2 கி.மீ.க்கான நேரத்தையும் பணத்தையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறு செங்கோட்டையில் நடக்கிறது. முன்பு போய்வந்தவர்கள் "சாந்தினி சௌக்கில் இறங்கி ரிக்‌ஷா பிடி" என்பார்கள். ஒரு காலத்தில் அது சரிதான். ஆனால் 2017 மே மாதம் வயலட் லைனை காஷ்மீரி கேட் வரை நீட்டினார்கள். அப்போதிலிருந்து லால் கிலா (செங்கோட்டையின் இந்திப் பெயர்), ஜாமா மஸ்ஜித் என்று இரண்டு ஸ்டேஷன்கள் அடுத்தடுத்து இருக்கின்றன; இரண்டிலும் இறங்கி நடந்தே போகலாம். பராத்தா சாப்பிடவோ கடைவீதி பார்க்கவோ போகிறீர்கள் என்றால் மட்டும் யெல்லோ லைனில் சாந்தினி சௌக் வரை போங்கள்.

என்னைக் கேட்டால், இடங்களின் பட்டியலை வைத்துத் திட்டம் போடுவதைவிட லைனை வைத்துப் போடுவதுதான் புத்திசாலித்தனம். காலையில் லால் கிலா, அப்புறம் ஜாமா மஸ்ஜித், அதே வயலட் லைனில் ஜன்பத் வந்து சாப்பாடு, கொஞ்சம் ஷாப்பிங், பிறகு கால்காஜி மந்திரில் இறங்கித் தாமரைக் கோயில். எங்கும் ரயில் மாற வேண்டியதில்லை. யெல்லோ லைனுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் குதுப் மினார், ஐ.என்.ஏ. ஸ்டேஷன் பக்கத்தில் தில்லி ஹாட் கைவினைச் சந்தை, ராஜீவ் சௌக்கில் கனாட் பிளேஸ் மூன்றும் முடியும். யமுனைக்கு அந்தப் பக்கம் ப்ளூ லைனில் இருக்கும் அக்‌ஷர்தாமையும் தெற்கே இருக்கும் குதுப் மினாரையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். மேப்பில் அரை சாண் தூரம்தான் தெரியும்; பாதி நாள் போய்விடும்.

கிழமையையும் பாருங்கள். திங்கட்கிழமை செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம் எல்லாவற்றுக்கும் விடுமுறை. அன்றைக்கு குதுப் மினாரையும் ஹுமாயூன் கல்லறையையும் வைத்துக்கொள்ளலாம். சுதந்திர தினத்துக்கு முன்னால் பல நாள் செங்கோட்டைக்குள் பொதுமக்களை விடமாட்டார்கள். ஆகஸ்ட் விடுமுறையில் போகிறவர்கள் இதை விசாரிக்காமல் கிளம்ப வேண்டாம்.

டிக்கெட் விஷயத்தில் குடும்பமாகப் போகிறவர்கள் ஒரே மாதிரி மாட்டுகிறார்கள். நான்கு பேருக்கும் க்யூஆர் டிக்கெட் அப்பாவின் போனில் இருக்கும். அவர் முதல் க்யூஆரைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். மற்ற மூவரும் கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பார்கள். கேட்டுக்கு மேலே போனை நீட்டிக்கொண்டு நடக்கும் அந்தக் கூத்தைப் பின்னால் நிற்கும் வரிசை ரசிக்காது. வெளியேறும்போதும் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காட்டியாக வேண்டும். ஆளுக்கு ஒன்றாக டிக்கெட்டை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஸ்மார்ட் கார்டும் ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே கார்டைக் காட்டி இரண்டு பேர் போக முடியாது. உங்களிடம் 'சிங்காரச் சென்னை' கார்டு இருந்தால் அதையே எடுத்துப் போகலாம். அது நாடு முழுக்கச் செல்லும் என்.சி.எம்.சி. வகைக் கார்டு என்பதால் டெல்லி மெட்ரோ கேட்டும் திறக்கும்.

போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டுமே. பிளாட்பாரத் தரையிலும் அதைக் குறித்திருப்பார்கள். மனைவி பின்னாலேயே ஏறிவிட்டு, அபராதம் கேட்டால் "தெரியாது சார்" என்பது செல்லாது. குடும்பம் பிரிந்து ஏறுவதென்றால் எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். அக்‌ஷர்தாமுக்குள் போனே கொண்டுபோக முடியாது. கையில் போன் இல்லாமல் ஆளைத் தேட நேரிடும் என்பதால், அங்கேயும் எங்கே சந்திப்பது என்று சொல்லிவைத்துவிட்டுப் பிரிவது நல்லது.

ராஜீவ் சௌக்கில் காலை 9 முதல் 11 வரையும், மாலை 5.30க்கு மேலும் குழந்தையோடு ரயில் மாறுவதைத் தவிருங்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும். கூட்டத்தைப் பார்த்தால் நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் இறங்குவது புது டெல்லி ஸ்டேஷனில். அங்கே மெட்ரோ இருப்பது அஜ்மேரி கேட் பக்கம். பஹார்கஞ்சில் ரூம் போட்டிருந்தால் நீங்கள் வெளியேற வேண்டியது அதற்கு நேர் எதிரே, முதல் பிளாட்பாரம் பக்கம். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தப்பான பக்கம் போய்த் திரும்பிவர வேண்டாம். பஹார்கஞ்சிலிருந்து பிறகு ஊர் சுற்ற ப்ளூ லைனின் ராமகிருஷ்ணா ஆசிரம் மார்க் ஸ்டேஷன் வசதி.

விமானத்தில் வருகிறவர்கள் டெர்மினல் எண்ணைப் பார்க்க வேண்டும். ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் போவது டெர்மினல் 3க்கு. அங்கிருந்து புது டெல்லி ஸ்டேஷனுக்கு 20 நிமிடத்துக்குள் போய்விடலாம். டெர்மினல் 1 தனியாக, சில கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே வரும் மெட்ரோ மெஜந்தா லைன். திரும்பும்போது விடியற்காலை விமானம் என்றால் மெட்ரோ உதவாது. முந்தைய இரவே டாக்ஸி சொல்லிவிடுங்கள்.