அமெரிக்கப் பெண் வாக்குரிமை வரலாற்றில் யூதப் பெண்களைப் பற்றி எழுதுவது எப்படி?

பெண்களின் வாக்குரிமையை உறுதிசெய்த அமெரிக்க அரசியலமைப்பின் 19-ஆவது திருத்தம் 1920 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அந்தப் போராட்டத்தில் யூதப் பெண்களின் பங்கைக் கட்டுரையாகவோ வகுப்பறைப் பாடமாகவோ எழுத முனைபவர்கள் பலர், பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தொகுத்து ஆளுக்கொரு பத்தி ஒதுக்கி முடித்துவிடுகிறார்கள். யார் யாரோடு சேர்ந்து நின்றார், யாரை எதிர்த்தார், எதற்காக வாக்கைக் கேட்டார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் காணாமல் போய்விடும். ஆகவே முதலில் ஒருவரை அல்லது ஓர் ஊரைத் தேர்ந்துகொள்ளுங்கள். நியூயார்க்கை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ முழுக் கதையையும் அங்கிருந்தே சொல்லிவிடலாம்.

தொடக்கத்தை 1836-இல் வையுங்கள். போலந்தில் 1810-இல் ஒரு ரபியின் (யூத மதகுருவின்) மகளாகப் பிறந்த எர்னஸ்டின் ரோஸ், தந்தை நிச்சயித்த திருமணத்தை மறுத்து, தாய்வழிச் சொத்துக்காகப் பதின்ம வயதிலேயே நீதிமன்றம் சென்று வென்றவர். நியூயார்க்கில் குடியேறிய அதே ஆண்டில், மணமான பெண்கள் தம் சொத்தைத் தம் பெயரிலேயே வைத்துக்கொள்ளச் சட்டம் வேண்டும் என்னும் மனுவோடு வீடு வீடாகச் சென்றார். ஐந்து மாத அலைச்சலில் அவருக்குக் கிடைத்தவை ஐந்தே கையொப்பங்கள். ஆண்கள் சிரிப்பார்கள் என்று சில பெண்கள் அஞ்சினார்கள். இருக்கும் உரிமையே போதும் என்று வேறு சிலர் கதவடைத்தார்கள். அந்தச் சட்டம் 1848-இல்தான் நிறைவேறியது. வெற்றி பெற்ற ஆண்டை மட்டும் குறித்துவிட்டு அந்த ஐந்து கையொப்பங்களை விட்டுவிட்டால், இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டு உழைப்பு வாசகருக்குத் தெரியாமலே போகும்.

‘யூதர்’ என்னும் அடையாளத்தைக் கையாளும்போது மிகுந்த கவனம் தேவை. ரோஸ் கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டவர். ஆயினும் பாஸ்டனில் வெளிவந்த பகுத்தறிவாளர் இதழ் ஒன்று 1860-களில் யூதர்களை இழித்து எழுதியபோது, தம் சொந்த அணியைச் சேர்ந்த இதழ் என்றும் பாராமல் அதற்கு மறுப்புக் கடிதங்கள் எழுதினார். எனவே மதமே அவரைப் போராட வைத்தது என்று எழுதுவது தவறு. பிறப்புக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை என்பதும் தவறு. அவர் என்ன செய்தார் என்பதை அப்படியே எழுதுங்கள்.

பழைய நாளிதழ்களில் தேடும்போது கணவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். நுகர்வோர் சங்கத் தலைவராகவும் வாக்குரிமைப் பேச்சாளராகவும் விளங்கிய மாட் நேதன், ‘திருமதி பிரெடரிக் நேதன்’ என்றே பல செய்திகளில் இடம்பெறுகிறார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் வைத்துள்ள பழைய நாளிதழ்த் தொகுப்பில் இரு பெயர்களையும் இட்டுப் பாருங்கள்.

வசதி படைத்த மாட் நேதனோடு நிறுத்திவிடாதீர்கள். தையல் ஆலைப் பெண்களே இந்த வரலாற்றின் உயிர்ப்பான பகுதி என்பது என் உறுதியான எண்ணம். 1909 நவம்பர் 22-ஆம் நாள் நியூயார்க்கின் கூப்பர் யூனியன் மண்டபத்தில், தலைவர்கள் நெடுநேரம் பேசி முடித்தபின், கிளாரா லெம்லிச் என்னும் இளம் தொழிலாளி மேடையேறி, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழியில் பொது வேலைநிறுத்தத்துக்கு அறைகூவினார். 20,000-க்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். 1911 மார்ச் 25-ஆம் நாள் டிரையாங்கிள் என்னும் நியூயார்க் தையல் ஆலையில் பற்றிய தீ 146 உயிர்களைப் பறித்தது; அவர்களில் பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிகளான இளம்பெண்கள். ஆலைப் பாதுகாப்புச் சட்டம் வேண்டுமானால் அதை இயற்றுபவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்ற வாதம் இந்தச் சூழலில்தான் வலுப்பெற்றது. அரசியலுக்கு வந்தால் பெண்களின் மென்மையும் அழகும் போய்விடும் என்று நியூயார்க் மாநிலச் செனட்டர் ஒருவர் சொன்னபோது, தொப்பித் தொழிலாளியாக இருந்து தொழிற்சங்கத் தலைவரான ரோஸ் ஷ்னைடர்மன் 1912-இல் தந்த பதிலைக் கட்டாயம் சேருங்கள். சலவை ஆலைகளில் கொதிக்கும் கஞ்சியில் கைவிட்டுப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் நிற்கும் பெண், ஆண்டுக்கொருமுறை வாக்குச்சீட்டைப் பெட்டியில் போடுவதாலா அழகை இழக்கப் போகிறாள் என்று அவர் கேட்டார்.

எதிர்த்தவர்களையும் மறைக்காதீர்கள். நியூயார்க்கின் பர்னார்ட் மகளிர் கல்லூரி உருவாக முன்னின்ற ஆனி நேதன் மேயர், மாட் நேதனின் உடன்பிறந்த தங்கை; அவர் பெண் வாக்குரிமையை வெளிப்படையாக எதிர்த்தார். 1893-இல் தொடங்கப்பட்ட தேசிய யூதப் பெண்கள் மன்றமும், உறுப்பினர் பலர் ஆதரித்தபோதும், அமைப்பாக வாக்குரிமைக்கு ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. ஒரே வீட்டுக்குள் இருந்த இந்தப் பிளவை எழுதினால்தான், நியூயார்க் மாநில வாக்காளர்கள் 1915-இல் மறுத்த பெண் வாக்குரிமையை 1917-இல் ஏற்கச் செய்ய எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பது புரியும்.

1920-உடன் முடித்துவிடவும் கூடாது. தென்மாநிலங்களில் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை வாக்களிக்க முடியாதபடி தடுக்கப்பட்டார்கள் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். வட கரோலினாவில் வாக்குரிமைச் சங்கத்தை வழிநடத்திய கெர்ட்ரூட் வைல் கண்முன்னே, அம்மாநிலச் சட்டமன்றம் 1920-இல் திருத்தத்தை ஏற்க மறுத்தது. 1971 மே மாதம்தான் ஒப்புதல் தந்தது. அதே மாத இறுதியில் வைல் தமது 91-ஆம் வயதில் காலமானார்.

கடைசியாக, மேற்கோள்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ‘ரொட்டியும் வேண்டும், ரோஜாவும் வேண்டும்’ என்னும் முழக்கத்தை உருவாக்கியவர் ஷ்னைடர்மனே என்று பல இடங்களில் காணலாம். ஆனால் அவர் 1912-இல் அதைப் பேசுவதற்கு முன்பே அது அச்சில் வந்துவிட்டது. அதை எடுத்தாண்டு தொழிலாளர் நடுவே பரப்பியவர் என்று எழுதினால் போதும்.